கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வாப்பாவின் பழைய வங்கிப் புத்தகங்கள் எல்லாம் அதற்குள்தான். அவற்றுக்கு அடியில், ஒரு சாரத் துண்டில் சுற்றி ஒரு போட்டோவை வைத்திருக்கிறார்கள். பிரேம் போய்விட்டது. முன்பக்கக் கண்ணாடி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கண்ணாடியைக் கழற்ற முடியாது. படம் அதோடு ஒட்டிப்போய்விட்டது.

2002ஆம் ஆண்டு உம்மாவின் கலியாணத்தன்று, மருதமுனையில் கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் எடுத்த படம் அது. நடுவில் மணப்பெண்ணாக உம்மா. ஒரு பக்கம் உம்மம்மா. மறுபக்கம் உம்மாவின் தங்கை, என் சாச்சி. அப்போது அவருக்கு வயது 11. அதாவது, படத்தில் இருக்கும் சாச்சி என்னைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் வீட்டில் எல்லோரும் என்னிடம் "ஒங்கட சாச்சி" என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். நானும் இந்தக் கட்டுரையில் ஒரு சின்னப் பிள்ளையை 'அவர்' என்றே எழுதப்போகிறேன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தபோது சாச்சிக்கு 13 வயது. அந்த ஒரு நாளில் இலங்கையில் மட்டும் 30,000இற்கும் அதிகமானோர் மௌத்தானார்கள் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். எங்கள் வீட்டில் அது ஓர் ஆள். ஜனாஸா கிடைக்கவில்லை. வீட்டில் நிலமும் கிணறும்தான் மிஞ்சின. மூன்றாம் நாள் மாமா மணலைக் கிளறியபோது இந்தப் படம் குப்புறக் கிடந்ததாம். இரண்டு அல்பங்கள் இருந்தன, இரண்டும் போய்விட்டன. சாச்சியின் முகம் என்று எங்களிடம் இருப்பது இந்த ஒன்றுதான். அதுவும் பாதி முகம்.

இந்த வருடம் உம்மம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து ஒப்பரேஷன் செய்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பார்வை நன்றாக வந்துவிட்டது. கட்டு அவிழ்த்த அன்று வாப்பாவின் சாரத்தைப் பார்த்துவிட்டு, "இந்த நீலம் இவ்வளவு நீலமா?" என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் கைத்தறியில் சாரம் நெய்தவர் அவர். இரண்டு நாள் கழித்து அலுமாரியிலிருந்து அந்தப் படத்தை எடுத்துத் தரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இவ்வளவு நாளும் என்ட கண்ணுக்குத்தான் கோளாறு எண்டு நெனச்சன் மகள். படத்துக்குத்தான் கோளாறு."

அந்தச் சொல்லில்தான் என் வேலை தொடங்கியது.

முதலில் வாப்பா ஒரு ஸ்டூடியோவில் கேட்டார். முகம் போன இடத்துக்கு வேறு முகம் பொருத்தித் தரலாம் என்றார்களாம். வாப்பா படத்தைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். மாமாவின் மகன் தன் போனில் இருந்த ஓர் அப்பில் போட்டான். அரை நிமிடத்தில் பளபளவென்று ஒரு பிள்ளை வந்தது. மஞ்சள் இல்லை, கீறல் இல்லை, வாய் நிறைய வெள்ளைப் பல். படத்தில் சாச்சி வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பற்கள் எங்கிருந்து வந்தன என்று அவனுக்கும் தெரியவில்லை. அதை உம்மம்மாவிடம் காட்ட வேண்டாம் என்று உம்மா சொல்லிவிட்டார்.

நானே செய்து பார்க்கிறேன் என்றேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்திருக்கிறேன் என்பதால் எல்லாம் தெரியும் என்று வீட்டில் நினைத்தார்கள். நானா போட்டோஷொப்பின் களவுப் பிரதி ஒன்றை பென் ட்ரைவில் கொண்டுவந்தார். வாப்பா அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். "மௌத்தானவட முகத்த களவு எடுத்த சாமானாலயா கழுவப்போறீங்க?" என்று கேட்டார். மாதாமாதம் டொலரில் காசு கட்ட எங்களால் முடியாது. அப்போதுதான் வகுப்பில் திறந்த மூல மென்பொருள் என்று படித்தது நினைவுக்கு வந்தது. நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், பெரும்பாலும் காசும் இல்லை. அப்படியான ஒன்றுதான் கிம்ப். 1995இல் அமெரிக்காவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மெட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் அதைத் தொடங்கினார்கள். இன்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதை வளர்க்கிறார்கள். நம்மைப் போன்ற மாணவர்கள் தொடங்கியது என்பதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வாப்பாவுக்கு அது ஹலாலாக இருந்தது. எனக்கு அது நானாவின் பழைய லெப்டொப்பில் ஓடியது.

படத்தைக் கணினிக்குள் கொண்டுவருவதுதான் முதல் வேலை. கல்முனையில் அச்சு வேலை செய்யும் ஒருவர், வாப்பாவுக்குத் தெரிந்தவர், கண்ணாடியைப் பிரிக்க முயலவே கூடாது என்றார். பிரித்தால் மை கண்ணாடியோடும் தாள் கையோடும் வந்துவிடுமாம். கண்ணாடியோடு அப்படியே 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணித் தந்தார். 8 அங்குலத்துக்கு 6 அங்குலப் படம். 4800 புள்ளி நீளம், 3600 புள்ளி உயரம். பெருக்கிப் பார்த்தால் 17 மில்லியனுக்கு மேல். லெப்டொப்பின் காற்றாடி அன்று தொடங்கிய சத்தத்தை நிறுத்தவே இல்லை. உம்மா குசினியிலிருந்து, "அதுக்கென்ன, இப்பிடி மூச்சு வாங்குது?" என்று கேட்பார்.

முதல் நாள் நான் செய்தது அழிப்பது. இறப்பரைப் போல ஒரு கருவி இருக்கிறது. கறை உள்ள இடத்தில் அதை ஓட்டினேன். கறை போனது. அடியில் இருந்த சுவரும் போனது. வெறும் வெள்ளை. திருப்பி எடுக்கலாம் என்று நினைத்து இன்னும் பத்து வேலை செய்துவிட்டு, சேமித்து, மூடிவிட்டேன். மறுநாள் திறந்தபோது போனது போனதுதான். ஸ்கேன் பிரதி வேறாக இருந்ததால் தப்பினேன். ஒரு பின்னேரத்து உழைப்பு மட்டும் வீண்.

அதன் பிறகுதான் மாஸ்க் என்ற ஒன்றைப் பற்றி வாசித்தேன். முதல் மூன்று தடவை வாசித்தும் விளங்கவில்லை. விளங்கியது மருதோன்றியால்.

பெருநாளைக்கு முதல் இரவு நாம் கையில் ஒட்டும் அச்சுத்தாள் இருக்கிறதல்லவா, பூவும் கொடியும் வெட்டிய ஸ்டிக்கர்? அதை ஒட்டி மேலே மருதோன்றியைப் பூசுவோம். தாள் மூடிய இடத்தில் தோல் அப்படியே இருக்கும். வெட்டிய இடத்தில் மட்டும் சிவக்கும். மாஸ்க் என்பதும் அந்தத் தாள்தான். கிம்பில் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக, லேயர் லேயராக அடுக்கலாம். மேலே இருக்கும் லேயருக்கு ஒரு மாஸ்க்கைச் சேர்த்தால், அதன் பக்கத்தில் இன்னொரு சின்னக் கட்டம் தோன்றும். அந்தக் கட்டத்தில் கறுப்பு பூசிய இடத்தில் மேல் லேயர் மறைந்து அடியில் இருப்பது தெரியும். வெள்ளை பூசினால் மேல் லேயர் மீண்டும் தெரியும். சாம்பல் பூசினால் பாதி தெரியும், பாதி மறையும். கறுப்பு 0, வெள்ளை 255, இடையில் அத்தனை சாம்பல்.

ஸ்டிக்கருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். மருதோன்றி சிவந்தால் சிவந்ததுதான், நகத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். மாஸ்க்கில் எதுவும் அழிவதில்லை. கறுப்பால் மூடியதை ஒரு கிழமை கழித்து வெள்ளையால் திறக்கலாம். படம் தொடப்படவே இல்லை. அதன் முன்னால் ஒரு திரையை இழுக்கிறோம், விடுகிறோம், அவ்வளவுதான். 'டி' விசையை அழுத்தினால் தூரிகைக்குக் கறுப்பும் வெள்ளையும் வரும். 'எக்ஸ்' அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். இந்த இரண்டு விசைகளையும் நான் எத்தனை ஆயிரம் முறை அழுத்தியிருப்பேனோ, எழுத்துகள் தேய்ந்தே போய்விட்டன. நானா இதை வாசித்தால் மன்னிக்கவும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் விடும் பிழையை நானும் விட்டேன். மாஸ்க்கில் பூசுகிறேன் என்று நினைத்துப் படத்திலேயே பூசிவிடுவது. மணப்பெண் உம்மாவின் மூக்கில் ஒரு கறுப்புக் கோடு. பட்டியலில் எந்தக் கட்டத்தைச் சுற்றி வெள்ளைக் கரை இருக்கிறதோ அதில்தான் தூரிகை வேலை செய்யும். பூசுமுன் ஒருமுறை அதைப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். வுழு செய்தோமா என்று தொழுமுன் யோசிப்பதைப் போல.

கண்ணாடியோடு ஒட்டிய இடங்கள் நனைந்த துணிபோல இருண்டிருந்தன. ஒட்டாத இடங்கள் வெளிறியிருந்தன. ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த இடங்களில் எண்ணெய்ப் படலம்போல வானவில் வளையங்கள். பௌதிகவியல் படிக்கும் என் தோழி அவற்றைப் பார்த்ததும், "இது நியூட்டன் வளையம்டி" என்று சந்தோஷப்பட்டாள். எனக்கு அவை மூன்று இரவு வேலை. படத்தின் பிரதி ஒன்றை மேலே வைத்து, இருண்ட பகுதிக்கு ஏற்றபடி அதை வெளிச்சமாக்குவேன். அப்போது முழுப்படமும் வெளிறிவிடும். அதற்குக் கறுப்பு மாஸ்க் போட்டால் எல்லாம் மறைந்து பழைய படம் வரும். பிறகு ஓரம் மெதுவான தூரிகையால், இருண்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை பூசுவேன். ஒரேயடியாகப் பூசினால் திட்டுத் தெரியும். 20 வீத அழுத்தத்தில் ஐந்தாறு முறை ஓட்டினால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. இப்படித்தான் உம்மாவின் சாரிக் கரை வெளியே வந்தது. பின்னால் இருந்த வேலியும் வந்தது. வேலியில் காயப்போட்டிருந்த சின்னச் சட்டை ஒன்றுகூடத் தெரிந்தது. உம்மா பார்த்துவிட்டு, கலியாண நாளில் வேலியில் துணி போட்டது யார் என்று இருபது வருடம் கழித்துக் கோபப்பட்டார்.

கீறல்களுக்கு வேறொரு கருவி. அதன் அடையாளமே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பிளாஸ்டர்கள். பக்கத்தில் உள்ள நல்ல தோலை எடுத்து வெடிப்பின்மேல் வைத்து நிறத்தைப் பொருத்திவிடும். நெற்றியில், கன்னத்தில், சாரியில் எத்தனையோ வெடிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடி. மிக வேகமாக வேலை நடந்தது. வேகமாக நடந்ததாலேயே கவனமில்லாமல் நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியாக சாச்சியின் முகம். அவரின் வலப்பக்க முகம் ஓரளவு நன்றாக இருந்தது. இடப்பக்கம், புருவத்திலிருந்து காதுவரை, தட்டையான மஞ்சள். அங்கே கண் இருந்தது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. உம்மா, "ஒன்ட கண்ண எடுத்து வெச்சா என்ன? நீயும் அவவும் ஒரு சாயல்தானே" என்றார். ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஸ்டூடியோக்காரர் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சாச்சியின் வலது கண் இருக்கிறதே, அதையே இடது கண்ணாக்கினேன். வலப்பக்கத்தைப் பிரதி எடுத்து, கண்ணாடியில் தெரிவதைப் போலத் திருப்பி, மூக்கின் வழியே மாஸ்க்கால் பொருத்தினேன். பொருத்து தெரியாமல் இருக்க இரண்டு இரவுகள். சுபஹுக்கு எழும்பிய உம்மா இன்னும் படுக்காமல் இருக்கிறாயா என்று ஏசினார்.

முடித்ததும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று வந்துகொண்டே இருந்தது. கட்டாரிலிருந்து மாமா குரல் பதிவு அனுப்பினார்; அழுதுகொண்டு பேசியதால் ஒன்றும் விளங்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அஸர் தொழுதுவிட்டு வந்த உம்மம்மாவைக் கதிரையில் இருத்தி, லெப்டொப்பை மடியில் வைத்தேன். முதலில் தன்னைப் பார்த்தார். "நான் இவ்வளவு மெலிவா இரிந்தனா?" என்று சிரித்தார். பிறகு உம்மாவைப் பார்த்தார். பிறகு சாச்சியைப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"புள்ள வடிவா இரிக்கி," என்றார். "ஆரு புள்ள இது?"

ஒப்பரேஷன் செய்த கண் என்று நினைத்தேன். "சாச்சி, உம்மம்மா."

"இல்ல மகள். தழும்பு எங்க?"

"என்ன தழும்பு?"

அவர் தன் இடது புருவத்தில், மூக்குக்குக் கிட்ட, விரலை வைத்து மேல்நோக்கிச் சரிவாக ஒரு கோடு இழுத்தார். "இது இல்லாம அவ எப்பிடி?"

உம்மா வாசலில் நின்றவர் வாயில் கை வைத்துக்கொண்டார். "ஓம்… இரிந்திச்சி" என்றார் மெதுவாக. கூடப்பிறந்த உம்மாவுக்கே இருபது வருடத்தில் அது மறந்துபோயிருந்தது. உம்மம்மா லெப்டொப்பை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, "பாடுபட்டுச் செஞ்சிரிக்காய், அல்லாஹ் பறக்கத் செய்வான்" என்றார். அந்த துஆவைக் கேட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது.

அன்றிரவு கோப்பைத் திறந்து லேயர்களை மேலிருந்து ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்தேன். திருப்பி வைத்த கண், அதன் கீழே வெளிச்சங்கள், அதன் கீழே பிளாஸ்டர் வேலை. அதையும் மறைத்தேன். மஞ்சள் தொடங்கும் எல்லையில், புருவத்தின் உள்நுனியில், வெளிறிய சரிவான கோடு ஒன்று. ஓர் அரிசி அளவுதான். மற்ற வெடிப்புகளைப் போலவே இருந்ததால் அதையும் வெடிப்பென்று நினைத்து முதல் நாளே துடைத்திருந்தேன். பிளாஸ்டர் லேயருக்கும் மாஸ்க் போட்டிருந்ததால் அந்த இடத்தில் கறுப்பு பூசினேன். கோடு திரும்பி வந்தது. உற்றுப் பார்த்தால் வெடிப்புகளுக்கு ஓரம் கூராக இருக்கிறது, இதற்கு இல்லை. இது தோலின் கோடு. எல்லா இடத்திலும் கையோட்டத்தில் துடைத்துக்கொண்டு போனபோது இதைப் பார்க்கவே இல்லை.

ஆனால் கோட்டின் மீதி மஞ்சளுக்குள் போய்விட்டது. மஞ்சளுக்குள் என்ன இருக்கிறது?

லேயர் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வரிகள். கணினியில் எல்லாப் படமும் இந்த மூன்று ஒளியால் ஆனது என்று வகுப்பில் படித்ததுதான். என்ன ஆகும் என்று பார்க்க, சிவப்பை மறைத்தேன். பச்சையையும் மறைத்தேன். படம் முழுக்க நீலமானது. அந்த நீலத்துக்குள் சாச்சி இரண்டு கண்களாலும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயந்துபோய் லெப்டொப்பை மூடிவிட்டேன் என்பதை ஒளிக்க மாட்டேன். ஆயத்துல் குர்ஸி ஓதிவிட்டுத்தான் மறுபடி திறந்தேன்.

காரணத்தைப் பிறகு தேடி வாசித்தேன். நம் வீடுகளில் இருக்கும் பழைய கலர் போட்டோக்களும் லேயர்களால் ஆனவைதான். தாளின்மேல் முதலில் மஞ்சள் சாயத்தில் ஒரு படம், அதன்மேல் சிவப்பூதாவில் ஒரு படம், எல்லாவற்றுக்கும் மேலே பச்சைநீலத்தில் ஒரு படம். தண்ணீர் மேலிருந்து கரைத்துக்கொண்டு வரும். அதனால்தான் வெள்ளத்தில் கிடந்த படங்களின் ஓரம் முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, கடைசியில் வெள்ளையாகிறது. சாச்சியின் இடப்பக்கம் மேல் இரண்டும் போய், அடியில் இருந்த மஞ்சள் படம் மட்டும் எஞ்சியிருந்தது. வெள்ளைத் தாளில் மஞ்சளால் வரைந்ததை நம் கண் சரியாகப் பார்ப்பதில்லை. மஞ்சள் நீல ஒளியை விழுங்கும் நிறம். ஆகவே நீலத்தில் பார்த்தால் அது கறுப்பு வெள்ளைப் படத்தைப் போல நின்றது. இருபது வருடமாக அந்த முகம் அங்கேயேதான் இருந்திருக்கிறது. இல்லை என்று நினைத்து, அதன்மேல் நான் வேறொரு கண்ணை வைத்திருந்தேன்.

மூன்று நிறங்களையும் தனித்தனிச் சாம்பல் படங்களாகப் பிரிக்கும் வசதி கிம்பில் உண்டு. நீலத்தை மட்டும் எடுத்து மேலே ஒரு லேயராக வைத்தேன். கறுப்பு மாஸ்க். பிறகு மிகச் சிறிய வெள்ளைத் தூரிகை. கண் வந்தது. அது வலது கண்ணைவிடக் கொஞ்சம் சிறிது. புருவம் நடுவில் பிரிந்திருந்தது. அந்தப் பிரிவும், நான் துடைத்துத் திரும்பி எடுத்த அரிசி அளவுக் கோடும் ஒரே கோடாகச் சேர்ந்தன. மறுகன்னத்தின் நிறத்தை எடுத்து அதன்மேல் மெல்லியதாகப் பூசினேன். அந்தப் பக்கத்து நிறம் நான் இட்டது. வடிவம் சாச்சியுடையது.

இந்தமுறை வட்ஸ்அப்பில் போடவில்லை. நேரே உம்மம்மாவிடம் கொண்டுபோனேன்.

அவர் விரலால் திரையைத் தொட்டார். தொட்ட இடத்தில் திரை கொஞ்சம் நிறம் மாறி மீண்டது. "இதுதான்" என்றார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்:

"பெருநாளைக்கு முந்தின கிழமை. பத்துச் சாரம் முடிச்சிக் குடுக்கணும். இவக்கு நாலு வயசு. நூலப் புடிச்சி இழுத்துக்கிட்டே இரிந்தா. ரெண்டு தரம் சொன்னன். மூணாந் தரம் கோவத்தில முழங்கையால தள்ளிப்போட்டன். தறிக் கால்ல போய் அடிபட்டிச்சி. ஒங்கட மூத்தாப்பாக்கிட்ட, ஓடி விழுந்திட்டா எண்டு சொன்னன்."

உம்மா, "எனக்கும் அப்பிடித்தானே சொன்னீங்க" என்றார்.

"ஓம். அவவும் ஆருக்கும் சொல்லல்ல. பெரிய புள்ளையான பொறகும் ஆராவது கேட்டா, நான் ஓடக்குள்ள விழுந்தன் எண்டுதான் சொல்லுவா. என்னப் பாத்துக்கிட்டே சொல்லுவா."

மஃரிப் பாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்தோம். உம்மா அவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எழும்பும்போது உம்மம்மா என்னிடம், "அத மறைச்சிப் போடாத மகள்" என்றார்.

இதை மலரில் எழுதட்டுமா என்று பிறகு கேட்டேன். யோசித்துவிட்டு, "படத்தப் போடாத. பேரப் போடாத. மத்தத எழுது. புள்ளையள்ள உம்மாமாரும் வாசிப்பாங்கதானே" என்றார். அதனால்தான் இந்தப் பக்கத்தில் படம் இல்லை. ஆசிரியை மன்னிக்க வேண்டும்.

கோப்பு இப்போது 31 லேயர்களோடு இருக்கிறது. திருப்பி வைத்த கண் லேயரையும் நான் அழிக்கவில்லை. அதன் மாஸ்க் முழுக்கக் கறுப்பு. கல்முனையில் ஒரு பிரதி அச்சடித்தோம். சுவரில் மாட்டவில்லை. உம்மம்மா அதைத் தன் தலையணைப் பக்கம், தஸ்பீஹ் வைக்கும் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். சாச்சியின் முக்காட்டைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட முடியுமா என்று போன கிழமை கேட்டார். 11 வயதுப் பிள்ளைதானே உம்மம்மா என்றேன். சரி, விடு என்றார்.

ஓர் இடம் மட்டும் பாக்கி. படத்தின் கீழ்மூலையில் மூன்று சாயமும் கரைந்து வெறும் தாள்தான் இருக்கிறது. நீலத்திலும் ஒன்றுமில்லை. சாச்சியின் இடது கை அந்த மூலைக்குள்தான் போகிறது, எதையோ பிடித்திருக்கிறார். பூங்கொத்து என்கிறார் உம்மா. சோடாப் போத்தல், அவ கையை விட்டு அதை வைக்கவே இல்லை என்கிறார் மாமா. உம்மம்மாவிடம் கேட்டால், "என்ட முந்தானையாத்தான் இரிக்கும்" என்கிறார். அந்த மூலையை நான் தொடவில்லை.